அடையாள அட்டை கேட்காத நூலகங்கள்: வானியல் ஆய்வுக்கான இலவசச் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வானியற்பியலில் ஆய்வு செய்பவர் இணையத்தில் ஒரே ஒரு சேவையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சட்டம் போட்டால், நான் ஏடிஎஸ் (Astrophysics Data System) என்ற கட்டுரைத் தேடல் சேவையை வைத்துக்கொள்வேன். மற்றவை இல்லாவிட்டால் வேலை தாமதமாகும்; இது இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும். மற்றவற்றையும் பேசத்தான் போகிறேன், ஆனால் எல்லாவற்றுக்கும் சம இடம் கிடையாது.

நான் எங்கே இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பது முக்கியம். தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். பொருள், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சுற்றும் இரட்டை விண்மீன்கள். எங்கள் நூலகத்தில் வானியல் புத்தகங்கள் ஜோதிடப் புத்தகங்களோடு ஒரே அடுக்கில் இருக்கின்றன. யாரோ நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. பன்னாட்டு ஆய்விதழ்களுக்குச் சந்தா இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கானது. எங்களைப் போன்றவர்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம். கல்லூரிப் பெயரில் மின்னஞ்சல் முகவரிகூட எங்களுக்குக் கிடையாது. ஆகவே எந்தச் சேவையானாலும் நான் பார்க்கும் முதல் விஷயம், உள்ளே நுழையும்போது 'நீ யார், எந்த நிறுவனம்' என்று கேட்கிறதா என்பதுதான். இரண்டாவது, கைப்பேசி இணைப்பில் திறக்கிறதா. அழகு, வண்ணம் எல்லாம் அப்புறம்.

ஏடிஎஸ் எதையும் கேட்பதில்லை. நாசாவின் நிதியில், ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் 1990-களிலிருந்து நடத்திவருகிற கட்டுரைத் தேடல் சேவை இது. தேடுவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு கட்டுரையைத் திறந்தால், அது யாரையெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறது, அதை யாரெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கலாம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும்.

மாணவர்களைக் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஜவ்வாது மலையில் இருக்கிறது. எங்களுக்கு அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆலங்காயம் என்று போகிற வழி. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை வாய் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பின் இருக்கையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாம் சரி மேடம், இங்கே என்னதான் கண்டுபிடித்தார்கள்?" நியாயமான கேள்வி. பஸ்ஸிலேயே கைப்பேசியில் ஏடிஎஸ்-ஐத் திறந்து, ஆசிரியர் பெயர் பட்டாச்சார்யா, ஆண்டு 1977 என்று போட்டேன். நேச்சர் இதழ், தொகுதி 267, பக்கம் 331. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் எழுதியது. தலைப்பு, யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்கிறது.

அதே தொகுதியில் மூன்று பக்கம் முன்னால், 328-ஆம் பக்கத்தில், அமெரிக்காவின் எலியட் குழுவினரின் கட்டுரை இருக்கிறது. அதன் தலைப்பு யுரேனஸின் வளையங்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே நிகழ்வு: 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. அமெரிக்கர்கள் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கியில் பார்த்தார்கள். நம்மவர்கள் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீன் மங்கியது. காவலூரில் அதைத் துணைக்கோள் என்று எடுத்துக்கொண்டார்கள். கோளுக்கு இரண்டு பக்கமும் சமச்சீராக மங்கல்கள் வருவதைக் கண்ட எலியட் குழு, வளையம் என்றது. "அப்போது நம்மவர்கள் தோற்றுவிட்டார்களா மேடம்?" என்று அதே பெண் கேட்டாள். அளவீடு சரி, அதற்குச் சொன்ன விளக்கம்தான் வேறு என்றேன். பிறகு இரண்டு கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலையும் அவளே கைப்பேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊத்தங்கரை தாண்டும்வரை கைப்பேசி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எந்தப் பாடப்புத்தகத்தை வைத்து இதை நடத்தியிருக்க முடியும்?

ஏடிஎஸ் ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்தொன்பது இடங்கள் கொண்ட ஒரு குறியீடு தருகிறது: ஆண்டு, ஆய்விதழின் சுருக்கப் பெயர், தொகுதி, பக்கம், முதல் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்து. காலியான இடங்களில் புள்ளி. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பழைய ஜெராக்ஸ் பிரதியின் கடைசிப் பக்கத்தில் பாதி அழிந்துபோன மேற்கோள் ஒன்றிலிருந்து கட்டுரையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், இந்தக் குறியீட்டை நாமே கையால் அமைத்துவிடலாம். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் ஒருங்கே புரிகிற மாதிரி யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வசதி, 'நூலகம்' என்ற பெயரில் கட்டுரைகளைத் தொகுத்து வைத்துக்கொள்வது. இதற்கு மட்டும் ஒரு கணக்கு வேண்டும். எந்த மின்னஞ்சல் முகவரியும் போதும். தொகுப்பைப் பொதுவாக்கி இணைப்பை அனுப்பினால், பெறுகிறவருக்குக் கணக்குத் தேவையில்லை. என் மாணவர்களுக்கு இரட்டை விண்மீன்கள் பற்றி ஒரு தொகுப்பு வைத்திருக்கிறேன். புதிதாக ஏதாவது சேர்த்தால் அதே இணைப்பிலேயே அவர்களுக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் கோப்புகளைக் கொட்டி, மூன்று மாதம் கழித்து "மேடம், அந்தக் கோப்பு திறக்க மாட்டேன் என்கிறது" என்று கேட்டுவரும் தொல்லை ஒழிந்தது.

குறை இல்லாமல் இல்லை. குறை ஏடிஎஸ்-இன் மேல் பாதி, நம் பெயர்களின் மேல் பாதி. அங்கே ஆசிரியர் என்றால் குடும்பப் பெயர், பிறகு காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? கே. முருகன் என்பவர் ஒரு கட்டுரையில் முருகன், கே. என்று பதிவாவார். வெளிநாட்டுக்குப் போனதும் கடவுச்சீட்டில் இருப்பதுபோல அப்பா பெயரை விரித்து எழுதுவார். அங்கே கிருஷ்ணன், முருகன் ஆகிவிடுவார். ஒரே ஆள் இரண்டு பேராகி, அவருடைய மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இதற்கு மருந்து ஆர்க்கிட் என்ற பதினாறு இலக்க எண். 2012-இல் வந்தது, இலவசம், நிறுவனம் கேட்காது. ஏடிஎஸ்-இல் நம் கட்டுரைகளை அந்த எண்ணோடு இணைத்துவிடலாம். தமிழ்நாட்டில் ஆய்வு தொடங்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே இதை வாங்கிவிட வேண்டும். எந்த முன்னெழுத்தோடு முதல் கட்டுரையை எழுதுகிறீர்களோ, அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணம் ஆனாலும்.

கண்டுபிடித்த கட்டுரையை வாசிப்பது அடுத்த பாடு. ஏடிஎஸ் பக்கத்தில் முழுக் கட்டுரைக்கான இணைப்புகள் ஓரமாக வரும். பழைய ஆய்விதழ்கள் பலவற்றை ஏடிஎஸ்-ஏ ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. இந்திய வானியல் சங்கத்தின் பழைய இதழ்கள்கூட அங்கே கிடைக்கின்றன. புதியவற்றில், அமெரிக்க வானியல் சங்கத்தின் ஆய்விதழ்கள் 2022 முதலும், இங்கிலாந்தின் ராயல் வானியல் சங்கத்தின் 'மாத அறிக்கைகள்' என்ற ஆய்விதழ் 2024 முதலும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் சில பத்தாண்டுகளில், சில பதிப்பகங்களின் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. இரண்டு பக்கக் கட்டுரைக்கு ஒரு பதிப்பகம் என்னிடம் கேட்ட டாலரை ரூபாயாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம். வாங்கவில்லை. கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன், மறுநாளே பிரதி வந்துவிட்டது. கேட்டால் அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கேட்கத்தான் கூச்சம்.

அந்தக் கூச்சமே தேவைப்படாத இடம் ஆர்க்கைவ். 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய முன்வரைவுக் களஞ்சியம். வானியற்பியலுக்கு 1992-இல் தனிப் பிரிவு வந்தது. நெடுங்காலம் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வளர்ந்தது. வானியல் கட்டுரைகளில் பெரும்பாலானவை அச்சாகும் முன்பே இங்கே வந்துவிடுகின்றன. ஞாயிறு முதல் வியாழன் வரை அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு எட்டு மணிக்குப் புதிய பட்டியலை வெளியிடுகிறார்கள். நமக்கு அது திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்தரை, அங்கே குளிர்காலமென்றால் ஆறரை. பால் பாக்கெட்டும் பட்டியலும் என் வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. விண்மீன்கள், விண்மீன் மண்டலங்கள், அண்டவியல் என ஆறு உட்பிரிவுகள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முயன்றால் முதல் பாட வேளைக்குப் போக முடியாது. விண்மீன் பிரிவை மட்டும் தலைப்பளவில் ஓட்டிப் பார்ப்பேன். காலை நேரத்தில் கைப்பேசி இணைப்பும் நன்றாக இருக்கிறது.

வாசிக்க ஆர்க்கைவ் எதையும் கேட்காது. நாமே கட்டுரை ஏற்ற வேண்டுமென்றால்தான் சிக்கல்: முதல்முறை ஏற்றுகிறவருக்கு, அந்தத் துறையில் ஏற்கெனவே கட்டுரை ஏற்றிய ஒருவரின் ஒப்புதல் வேண்டும். கூட்டுறவு வங்கியில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்பது போலத்தான். பைத்தியக்காரக் கோட்பாடுகள் வந்து குவியாமல் இருக்க இந்தக் காவல் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெறியாளரே ஆர்க்கைவ் பக்கம் போகாதவராக இருக்கும் சிறு ஊர் மாணவர் யாரிடம் போய்க் கேட்பார்? புணேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம், இப்படிப்பட்ட பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்காகவே இணைப்பாளர் திட்டம் நடத்துகிறது. அந்தப் பக்கமாக ஓர் அறிமுகம் தேடிக்கொள்வது நல்லது.

சிம்பாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் தரவு மையம் நடத்துகிறது. ஒரு விண்மீனின் ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்தால், அதற்கு உலகத்தில் இருக்கும் மற்றப் பெயர்களையெல்லாம் தரும். நம் திருவாதிரை, ஆல்பா ஓரியானிஸ் என்றும் ஹெச்டி 39801 என்றும் ஹிப் 27989 என்றும் அங்கே நிற்கிறது. கோள்களைத் தேடாதீர்கள், சூரியக் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. அதே மையத்தின் விசியர் என்ற பட்டியல் களஞ்சியமும், அலாதீன் என்ற வான்வரைபடமும் சிம்பாட்டுக்கு இணை. மூன்றும் இலவசம், மூன்றும் பெயர் கேட்காதவை.

திருவாதிரை என்றதும் ஞாபகம் வருகிறது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு மங்கியது. வழக்கமாகப் பொலிவெண் 0.5 அளவில் இருப்பது 1.6 வரை போனது (பொலிவெண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள்). அந்த ஏற்ற இறக்கத்தை அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்தின் தளத்தில் வரைபடமாக இப்போதும் பார்க்கலாம். 1911 முதல் இயங்கும் சங்கம். தொழில்முறை வானியலாளர்களும் மொட்டைமாடி ஆர்வலர்களும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைக்கும் இடம் அது. பாலக்கோட்டு மொட்டைமாடியிலிருந்து வைக்கும் புள்ளிக்கும் அங்கே மதிப்பு உண்டு.

என் சொந்த வேலைக்குச் சோறு போடுவது, விண்மீன்களின் ஒளி ஏற்ற இறக்கத்தை அளக்கும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவு. 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது. வானத்தின் ஒரு பகுதியை ஏறத்தாழ இருபத்தேழு நாள் விடாமல் பார்க்கும். எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் இரட்டை விண்மீனுக்கு அது பெருவிருந்து. தரையிலிருந்து பார்த்தால் பகலும் மேகமும் குறுக்கே வரும், இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. தரவு பால்டிமோரில் உள்ள மாஸ்ட் காப்பகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. லைட்கர்வ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பைக் கொண்டு பத்துவரி நிரலில் ஒளி வரைகோட்டை, அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் கோட்டை, வரைந்துவிடலாம்.

ஒரு பொறி இருக்கிறது, புதியவர்கள் அதில் விழுவார்கள். டெஸ் கேமராவின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு பாகைக்கு 3600 விகலை). அதற்குள் பக்கத்து விண்மீன் ஒன்று நுழைந்திருந்தால், இரண்டின் ஒளியும் கலந்து, மறைப்பின் ஆழம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அழகான வரைகோடு வந்துவிட்டதே என்று அப்படியே ஆய்வேட்டில் ஒட்டக் கூடாது. அலாதீனில் அந்த இடத்தைத் திறந்து, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் பட்டியலை மேலே ஏற்றி, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். இந்த மாதிரி நேரத்தில்தான் இந்தச் சேவைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதன் அருமை தெரியும்.

கையா தனியாகவே ஒரு பாராட்டுக்கு உரியது. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 ஜனவரியில் நோக்கலை முடித்துக்கொண்ட ஐரோப்பிய விண்கலம். 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீட்டில் சுமார் 180 கோடி ஒளி மூலங்கள். கணக்கு இல்லாமலே வினவலாம். முதுநிலை மாணவர்களுக்கு இதைக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை வைத்து நடத்துகிறேன். கார்த்திகையைச் சுற்றி இரண்டு பாகை வட்டம், பொலிவெண் 15-ஐவிட மங்கியவை வேண்டாம் என்று வரம்பு வைத்தால், பழைய மடிக்கணினியும் தாங்கும் அளவுக்குத்தான் கோப்பு வரும். அதை டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறக்கிறோம். ஜாவாவில் ஓடும், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மார்க் டெய்லர் எழுதியது.

விண்மீன்கள் வானத்தில் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கின்றன என்ற இரண்டு நெடுவரிசைகளை எடுத்துப் புள்ளிப் படம் வரையச் சொல்வேன். பூஜ்யத்தைச் சுற்றி ஒரு பெரிய கும்பல். அதிலிருந்து விலகி, ஆண்டுக்கு கிழக்கே 20, தெற்கே 45 மில்லி விகலை என்ற இடத்தில், ஒரு சின்ன இறுக்கமான கூட்டம். அதுதான் கார்த்திகை. அந்தக் கூட்டத்தை மட்டும் சுட்டியால் வளைத்துப் பிடித்து, அவற்றின் இடமாறு கோணத்தை (தொலைவு கூடக்கூடக் குறையும் கோணம்) பார்த்தால் 7.4 மில்லி விகலைக்கு அருகில் வரும். ஆயிரத்தை அதனால் வகுத்தால் 135 பார்செக், அதாவது சுமார் 440 ஒளியாண்டு. 1997-இல் கையாவின் முன்னோடியான ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் பட்டியல் 380-390 ஒளியாண்டு என்று சொல்லி, அதன்மேல் வானியலாளர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட விவகாரம் இது. பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவன் அதை ஒரு மதிய வேளையில் தன் கையால் அளந்துவிட்டு, "இவ்வளவுதானா மேடம்?" என்றான். இவ்வளவுதான். அந்த அலட்சியம் எனக்குப் பிடித்திருந்தது.

நம் நாட்டுச் சேவைகளில் முதலிடம் கொடைக்கானலுக்கு. 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகம். 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மப்படுத்திப் பொதுவில் வைத்திருக்கிறது. அவரவர் பாட்டி பிறந்த மாதத்தில் சூரியனில் எத்தனை புள்ளிகள் என்று மாணவர்களை எண்ணச் சொன்னால், வகுப்பு தானாக நடக்கும்.

அஸ்ட்ரோசாட் தரவு இன்னும் கொஞ்சம் பொறுமை கேட்கும். 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்ட விண்கலம். புற ஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. காப்பகம் பெங்களூருக்கு அருகில் பியாலாலுவில் இஸ்ரோவின் பொறுப்பில் இருக்கிறது. பதிவு செய்துகொண்டுதான் தரவை இறக்க முடியும். இறக்கியபின் அதைப் பக்குவப்படுத்தும் மென்பொருள்களுக்கு லினக்ஸ் பழக்கமும் நிறைய வட்டு இடமும் வேண்டும். முதல் ஆய்வுத் திட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; முனைவர் பட்டத்துக்கு, தாராளமாக.

கடைசியில், எழுதி முடித்ததை எங்கே வெளியிடுவது என்ற தலைவலி. ராயல் வானியல் சங்கத்தின் மாத அறிக்கைகள் இப்போது வாசிப்பவருக்கு இலவசம். எழுதுகிறவரிடம் கேட்கும் கட்டணம் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். ரூபாயில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். தள்ளுபடி கேட்டு எழுதலாம், கிடைத்தால் உண்டு. இந்திய அறிவியல் அகாதெமியின் வானியற்பியல், வானியல் ஆய்விதழ் 1980 முதல் வந்துகொண்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொரு வகை ஆய்விதழ்கள் வாட்ஸ்அப்பில் தேடிவருகின்றன. 'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு' என்று தொடங்கி, சில ஆயிரம் ரூபாய் அனுப்பினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக உறுதி சொல்லும். முனைவர் பட்டம் முடிக்க அவசரப்படும் எத்தனையோ பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்ததும், அந்த இதழின் பெயரை ஏடிஎஸ்-இல் போட்டு, சக மதிப்பாய்வு பெற்றவை என்ற வடிகட்டியையும் வைத்துத் தேடுங்கள். வானியல் ஆய்விதழ் என்று சொல்லிக்கொண்டு அங்கே ஒரு கட்டுரைகூட இல்லையென்றால், கூகுள் பேயைத் திறக்காதீர்கள்.